மகாலிங்கம் வாங்கிய போல்ஸ்

பெப்ரவரி 16, திங்கள்

தூறல். பாதைப் படகு அரை மணி பிந்தி வந்தது. வாவியைக் கடந்து பள்ளிக்கூடம் சேர எட்டே கால். அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

தரம் 5. பொருள்கள் ஏன் கீழே விழுகின்றன? ஒரு பெரிய கல், ஒரு புளியங்கொட்டை, இரண்டையும் ஒன்றாகக் கைவிட்டுக் காட்டினேன். ஒன்றாகத்தான் விழுந்தன. ஒருவரும் நம்பவில்லை. டீச்சர் கள்ள வேலை என்று பின் வாங்கில் பேச்சு. நாலு தரம் விட வேண்டியதாயிற்று. மேலே போவது எல்லாம் திரும்ப வரும், பூமி இழுக்கிறது என்றதும் தர்சினி எழும்பினாள்.

"செல்லும் அப்படித்தானே டீச்சர்? மேல போய்த்தானே இஞ்சால விழுது."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல. உதாரணம் எழுதச் சொன்னால் பாதிக் கொப்பிகளில் பந்து இல்லை, ஆமி அடிக்கும் செல் குண்டுதான். சரி போட்டேன்.

வாங்க: சோக்கு, விளக்குத் திரி, அம்மாவின் இருமல் மருந்து.

பெப்ரவரி 17, செவ்வாய்

வியாழக்கிழமைப் பாடம் உராய்வு. பால்மா டின் மூடிக்குக் கீழே சைக்கிள் சில்லுக்குள் உருளும் குட்டி இரும்புக் குண்டுகள், போல்ஸ், மூடிக்கு மேல் ஒரு செங்கல். ஒரு விரலால் தள்ளினால் ஓடும். பயிற்சிக் கலாசாலையில் பார்த்தது. அன்றைக்கு நானே வாயைப் பிளந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சைக்கிள் திருத்தும் மகாலிங்கத்திடம் கேட்டேன். தர்சினியின் அப்பா. பழசெல்லாம் தேய்ந்து கோணலாம்.

"நாளைக்கு டவுனுக்கு டயர் எடுக்கப் போறன் டீச்சர். புதுசா ஒரு பிடி கொண்டாறன்."

"ஆமிச் சென்றியில மறிக்க மாட்டாங்களா?"

"என்னைத் தெரியுந்தானே. அவங்கட சைக்கிளுக்கும் ஒட்டுப் போட்டிருக்கன்."

நானே கொண்டுவரலாம்தான், தினமும் அந்த வழியால்தானே வருகிறேன். என் பையை மேசையில் கொட்டிக் கிளறுவார்கள். அது பிடிக்காது. அவரே கொண்டுவரட்டும்.

பெப்ரவரி 18, புதன்

மகாலிங்கத்தைப் பிடித்துவிட்டார்கள்.

பின்னேரம் பாதையில் வைத்து, ஓட்டுகிறவர்தான் சொன்னார். "காலம இஞ்சால வரக்குள்ள மறிச்சிட்டாங்க டீச்சர். சட்டைப் பைக்குள்ள போல்ஸாம்."

கிளைமோர்க் கண்ணிவெடிக்குள் போடுவது அதைத்தான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கேட்டபோது சில்லும் செங்கல்லும்தான் மனதில். அவருக்கும் அது வெறும் சைக்கிள் சாமான்.

பள்ளிக்கூடத்துக்குச் சாமான் ஏதும் கொண்டுவந்தால் சென்றியில் காட்ட அதிபரின் சீல் குத்திய துண்டு வேண்டும். வெள்ளைச் சோக்குக்கே துண்டு எடுப்பவள் நான். இதற்கு எழுதிக் கொடுக்கத் தோன்றவில்லை.

சென்றியடியில் மண் மூட்டைகளோடு சாய்த்தபடி அவர் சைக்கிள். ஹாண்டிலில் புது டயர். பையைத் திறந்தேன், காட்டினேன், மூடினேன், வந்துவிட்டேன். வாய் திறக்கவில்லை. பயம்.

பெப்ரவரி 19, வியாழன்

உராய்வு எடுக்கவில்லை. கணக்குப் போடச் சொன்னேன். தர்சினி வந்திருந்தாள். எல்லாம் சரியாகப் போட்டிருந்தாள்.

அதிபரிடம் மட்டும் சொன்னேன்.

"துண்டு குடுத்தீங்களா?"

"இல்லை சேர்."

"அப்ப பேசாம இருங்க. பள்ளிக்கூடத்தையும் சேர்த்து இழுக்காதீங்க. ரெண்டு நாளில விட்டிருவாங்க."

அதைக் கேட்டதும் ஓர் ஆறுதல். வீட்டுக்கு வந்து சோறும் சாப்பிட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பெப்ரவரி 20, வெள்ளி

கடும் வெயில். மகாலிங்கத்தின் மனைவி பூரணம் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. ஆமி முகாமில் பேசச் சிங்களம் தெரிந்த ஆள் வேண்டும், டீச்சர் வருவீங்களா என்றா. போனோம். வேம்புக்குக் கீழே இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள்.

அதிகாரியிடம் சொன்னது: நல்ல மனிதன். சைக்கிள் திருத்துபவன். மூன்று பிள்ளைகள். யாரோடும் தொடர்பு இல்லை.

சொல்லாதது: நான்தான் கேட்டேன்.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பூரணம் பக்கத்தில் என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தா. விசாரணை முடியட்டும் என்று அதிகாரி எங்களை அனுப்பிவிட்டார். வெளியில் வந்ததும் எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தா. "குடிங்க டீச்சர், களைச்சுப் போனீங்க." தான் குடிக்கவில்லை.

பெப்ரவரி 22, ஞாயிறு

நேற்றும் இன்றும் படுக்கை. அம்மாவிடம் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை.

கடிதம் எழுதினேன். மூன்று கிழித்து, நாலாவது. 'தரம் 5 பாடத்துக்காக நானே கேட்டேன்.'

பெப்ரவரி 23, திங்கள்

அதிபர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். சீல் கட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நானே குத்தினேன்.

முகாம். அதே அதிகாரி. பாடப் புத்தகத்தையும் விரித்துக் காட்டினேன். சத்தம் போடவில்லை. அவனும் டீச்சர் கேட்டதாகத்தான் சொன்னான் என்றார். வெள்ளிக்கிழமை ஒரு டீச்சர் வந்தீர்கள், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அவன் சொன்னது பொய் என்று எழுதினோம். சனிக்கிழமை அவனை இங்கிருந்து அனுப்பியாகிவிட்டது.

எங்கே?

அது தனக்குத் தெரியாதாம். கடிதத்தை நேராக மடித்து என்னிடமே தந்தார்.

பெப்ரவரி 24, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டதும் மகாலிங்கத்தின் வீட்டுக்குப் போனேன். பூரணம் முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டு நின்றா. தர்சினியைக் கடைக்கு அனுப்பச் சொன்னேன். பிறகு சொன்னேன். நான்தான் கேட்டேன், என்னால்தான் எல்லாம் என்று.

காலால் நெல்லைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தா.

"அது தெரியும் டீச்சர். போகக்குள்ள சொல்லிப்போட்டுத்தான் போனவர். டீச்சர் பாடத்துக்குக் கேட்டவ, நல்லதாப் பார்த்து வாங்கோணும் எண்டு."

"தெரிஞ்சா ஏன் அண்டைக்கு முகாமில சொல்லல்ல?"

கால் நின்றது.

"எனக்குச் சிங்களம் வராதே டீச்சர். அதைச் சொல்லத்தானே உங்களைக் கூட்டிக்கொண்டு போனது. நீங்க சொல்லிப்போட்டீங்க எண்டுதான் நான் இருக்கன்."