ஒரு மணித்தியாலச் சுற்று

இன்று காலை வெள்ளவத்தையிலுள்ள என் நொத்தாரிசு அலுவலகத்தில் காணி உறுதிப் பத்திரமொன்றைத் தைப்பதற்காக நூலை இழுத்தபோது உம்முடைய நினைவு வந்தது. நான் விரும்பி வரவழைத்ததல்ல. மேசையிலுள்ள உலக உருண்டையின் மீது இதே நூலைத்தான் நீர் ஒருமுறை லண்டனிலிருந்து கொழும்புவரை இறுக்கிப் பிடித்துக் காட்டினீர். கொட்டாஞ்சேனையில் என்னோடு ஒரே வகுப்பு வாங்கில் இருந்து படித்து, பின்னர் என் தங்கையை மணந்து, லண்டனில் விமானங்களுக்குப் பாதை வகுக்கும் வேலை பார்த்தவர் நீர். அப்போது விடுமுறையில் வந்திருந்தீர்.

“இதுதான் ஆகக் கிட்டின பாதை மச்சான். ஆனா ஒரு பிளேனும் இப்பிடிப் போகாது.”

“ஏன், உங்கட ஆக்களுக்கு அடிமட்டம் வைச்சு நேர்கோடு கீறத் தெரியாதோ?”

சிரித்துவிட்டு விளக்கினீர். நூலுக்குக் காற்றைப் பற்றித் தெரியாது; பின்காற்றைத் தேடி விலகிப் பறக்கும் விமானம், நேராகப் பறப்பதைவிட முன்னதாகவே வந்து சேரக்கூடும். நூலுக்குக் கீழே சண்டை நடக்கும் நாடுகள் இருக்கலாம். அவற்றின் வானம் மூடப்பட்டிருக்கும். சில நாடுகள் தம் தலைக்கு மேலே பறக்க அனுமதி தரமாட்டா. உயர்ந்த மலைத்தொடருக்கு மேலே இயந்திரம் ஒன்று நின்றுபோனால், தாழ்ந்து பறக்க வழியும் எட்டும் தூரத்தில் ஓடுதளமும் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் சொல்லி முடித்து, “சுத்திப் போறது பிழையில்லை மச்சான். ஏன் சுத்தினது எண்டு எழுத்தில இருக்கவேணும், அவ்வளவுதான்” என்றீர்.

அந்த வாக்கியத்தை உமக்கு எதிராகவே இங்கு முன்வைக்கிறேன்.

அம்மா பொரளையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது “பிள்ளை எப்ப வாறாள்?” என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை உமக்குத் தொலைபேசி எடுத்தேன். “வழியில வானத்தை மூடிப்போட்டாங்கள் மச்சான். நேர் பிளேன் ஒண்டும் ஓடாது. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வேற வழியால வந்திடுவம். உறுதி” என்றீர். உம்முடைய துறை, நம்பினேன். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். வியாழன் காலை அவர் போய்விட்டார். தங்கை பெட்டிக்குள்தான் அவரைக் கண்டாள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில், லண்டனிலிருந்து வந்த ஒருவர் உறுதியில் கையொப்பமிட என்னிடம் வந்தார். ஆளடையாளத்துக்காக அவருடைய கடவுச்சீட்டைப் புரட்டினேன். அவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியது, அம்மா போவதற்கு முதல்நாள், அதே புதன்கிழமை.

“எப்பிடி வந்தனீங்கள்? வானம் மூடியெண்டாங்களே?”

“ஒரு பக்கம்தான் சேர் மூடினது. நேர் பிளேன்தான். கொஞ்சம் சுத்தி வந்தது. ஒரு மணித்தியாலம் கூட, அவ்வளவுதான். அரைவாசி சீட் சும்மா கிடந்தது. நான் கால் நீட்டிப் படுத்தெல்லோ வந்தனான்!”

அன்று பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளத்தோரம் வைத்து உம்மைக் கேட்டேன். நீர் மறுக்கவில்லை.

“எனக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு தந்தவங்கள். அவளைத் தனிய அனுப்ப மனம் வரேல்லை. அம்மா அதுவரைக்கும் இருப்பா எண்டு நினைச்சிட்டன். அவளுக்குச் சொல்லிப்போடாதையும் மச்சான்.”

விமானம் கூடுதலாக எடுத்தது ஒரு மணித்தியாலம். நீர் கூடுதலாக எடுத்தது இரண்டு நாட்கள். அதற்கான காரணத்தை நீர் எங்கும் எழுதி வைக்கவில்லை.

உம்மை அடக்கம் செய்து ஓராண்டாகிறது. சென்ற வாரம் தங்கை தனியாகவே வந்திருந்தாள். இதே மேசைக்கு முன்னாலிருந்து உருண்டையைச் சுழற்றியபடி சொன்னாள்:

“இந்த முறையும் சுத்தித்தான் வந்தது அண்ணா. இவர் இருந்தா ஏன் எண்டு சொல்லியிருப்பார். அண்டைக்கு மட்டும் வானம் திறந்திருந்தா, நான் அம்மாவை உயிரோட கண்டிருப்பன், என்ன?”

“ஓம்” என்றேன்.

உறுதி செல்லுபடியாக இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது நீரும் அறிந்ததே. வானம் மூடியதென்ற உம்முடைய உறுதிக்கு நீர் ஒருவரே சாட்சியாக இருந்தீர். அந்த “ஓம்” என்ற சொல்லோடு மற்றச் சாட்சி நானானேன். பொய்யென்று அறிந்தே நான் சாட்சியமளித்தது இந்த ஒன்றுக்குத்தான்; அதுவும் அவளுக்காக, உமக்காக அல்ல. நீர் போய்விட்டீர். இனி அவள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் வானத்தை மூட வேண்டியவன் நான்.