வெட்டப்பட்ட மூலை

திங்கள். பெரம்பலூர். காலையிலேயே அனல்.

நாட்குறிப்பிற்கு வணக்கம். சென்ற வாரம் முழுதும் எழுதாமைக்கு வருந்துகிறேன். சார்ஜாவில் இருந்து கைப்பேசி வழியே என்னிடம் கணிதம் பயிலும் நஸ்ரினுக்கு ஓயாத வீட்டுப்பாடம்.

லப்பைக்குடிக்காட்டுக் குடும்பம். தாய் ரஹ்மத் கணக்குகளைப் படமெடுத்து அனுப்புவார். என் விதி: விரல், மேசை, தேநீர்க் குவளை எதுவும் தெரியலாகாது; வெட்டி அனுப்புக. கல்லூரி வாசலை மிதியாதவள் நான். ஆதலால் ஒழுங்கில் குறை வையேன்.

இன்று: முக்கோணம் ABC, அதன் விரிவாக்கம். எத்தனை மடங்கு பெரிதாயிற்று, அதாவது அளவுக் காரணி யாது? A (2, 2). பிம்பம் (4, 4). வகுத்தேன். இரண்டு. அனுப்பியாயிற்று.

புதன். புழுக்கம். மின்தடை.

ரஹ்மத் அழைப்பு. "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. ரெண்டுன்னு எழுதி புள்ளைக்கு மார்க்கு போயிடுச்சு. ஊர்ல எங்க தம்பி அரியலூர் டியூஷன் சார்ட்ட காட்டுனான். பாத்தவொடனே மூணுன்னுட்டாராம். அந்தம்மா எந்த காலேஜுன்னு வேற கேட்டாராம்."

கேட்பார். என் மாணவர்களைக் கொத்திப் போவதே அவர் தொழில். நஸ்ரினையும் வெள்ளிக்கிழமைக்குள் அவரிடம் மாற்றிவிடுவார்களாம்.

"பள்ளியின் பிழை" என்றேன்.

கணவர், தட்டிலிருந்து தலை தூக்காமல்: "ரெண்டுக்கும் மூணுக்கும் ஒண்ணுதானடி வித்தியாசம். வுடு."

இரண்டாம் முறை சோறு போடவில்லை.

வியாழன். மேகம். மழையில்லை.

வரைபடத்தாள். B (4, 2), பிம்பம் (10, 4). பத்தை நான்கால் வகுக்க, இரண்டரை. A-க்கு இரண்டு, B-க்கு இரண்டரை! AB நீளம் 2, பிம்பத்தில் 6. மூன்று. நாசமாய்ப் போக, மூன்றேதான்.

புள்ளிகளை அவற்றின் பிம்பங்களோடு இணைத்துப் பின்னோக்கி நீட்டினேன். கோடுகள் ஆதிப்புள்ளியில் கூடவில்லை. (1, 1)-இல் கூடின. விரிவாக்க மையம் அது; மையம் ஆதிப்புள்ளியானால்தான் என் வகுத்தல் செல்லும். நான் பெற்ற படத்தில் அது எங்கே?

ரஹ்மத்திடம் முழுப் படம் கேட்டேன். வந்தது. இடது கீழ் மூலையில் நஸ்ரினின் கட்டைவிரல். அதையொட்டி ஒரு கரும்புள்ளி.

"நீங்கதானே டீச்சர் வெரலு தெரியக் கூடாதுன்னீங்க? அதான் அந்த மூலைய வெட்டிட்டேன்."

மையம் தெரியாமலும் நீளங்களை வகுத்திருக்கலாம். அரியலூரார் அதைத்தான் செய்திருப்பார். அந்த மனிதரை அதற்காகவும் வெறுக்கிறேன்.

வெள்ளி. வெயில். காப்பி ஆறிவிட்டது.

மூன்று முறை திருத்தி அனுப்பியது:

"மதிப்பிற்குரிய ரஹ்மத் அவர்களுக்கு. விடை மூன்று, பள்ளி சரி. இனிப் படங்களை வெட்ட வேண்டாம், விரலோடு அனுப்பவும். இன்று மாலை நஸ்ரின் வகுப்பிற்கு வருவாளா? விரைந்து பதில் தரவும்."