சாவியைக் கழற்றிவிட்டுப் பேசு

வோனோசோபோ
வெள்ளி மதியம், பள்ளிக்கூடத்திலிருந்து

அன்பு மகள் நிங்கிற்கு அம்மா எழுதுவது,

இங்கே மூன்று பேரும் நலம் என்று இன்றைக்குத்தான் கை கூசாமல் எழுத முடிகிறது, மூன்று வாரமாக முடியவில்லை, கடிதம் பிந்தியதற்குக் காரணம் அதுதான். நீ பாலிக்பாப்பானில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். உருளைக்கிழங்கை இந்த முறையும் பனி கருக்கிவிட்டது, மேல் வயலில் பாதிதான் தேறும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் சொன்னால் கேட்காமல் மூட்டை தூக்குகிறார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும் ஒன்றாம் வகுப்பில் சின்ன பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

வண்டி எப்படி இருக்கிறது என்று நீ ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் கேட்கிறாய், நானும் நன்றாக இருக்கிறது என்று பொய்யாகவே பதில் போட்டு வந்தேன். உன் முதல் போனஸில் அம்மாவுக்கென்று வாங்கி அனுப்பியதைக் குறை சொல்ல வாய் வரவில்லை. இன்று சொல்லியே ஆக வேண்டும். எனக்கு அந்த வண்டியைக் கண்டாலே குமட்டுகிறது நிங். முதல் நாளே பிடிக்கவில்லை. இருபது வருஷம் கியர் வண்டி ஓட்டிய கால் என்னுடையது, கியரே இல்லாத இந்த ஸ்கூட்டரில் இடது காலுக்கு வேலையே கிடையாது, செருப்புக் கடையில் உட்கார்ந்த மாதிரி சும்மா வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வலது காலோ பிரேக்கைத் தேடி வெறும் பலகையை மிதிக்கிறது, பிரேக் கைக்குப் போய்விட்டது என்று நினைவு வருவதற்குள் வளைவு வந்துவிடுகிறது. நம் மேட்டில் ஏறும்போது கொசு மாதிரி ஒரே கத்தல், ஆனால் நகர்வதற்கு யோசிக்கிறது. இறக்கம் அதைவிட மோசம். கியர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கும், இது ஈரக்கையிலிருந்து சோப்பு நழுவுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பிடித்து உள்ளங்கை சிவந்து, கீழே வந்து நின்றால் சக்கரத்திலிருந்து கருகிய நாற்றம். உன் சித்தப்பா டார்தோ ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "இது வண்டியே இல்ல அண்ணி, நாற்காலி. உக்காந்தாப் போதும், அதுவே எங்கயோ கொண்டுபோய்த் தள்ளிடும்" என்று சிரித்தார். கடைக்காரன் அதைப் பெண்களுக்கான வண்டி என்று வேறு சொல்லிக் கொடுத்தானாம். பெண் என்றால் கால் கிடையாதா, கியர் மாற்றத் தெரியாதா என்று எனக்கு எரிச்சல்.

இதெல்லாம் ஓட்டிப் பழகினால் போய்விடும் என்றுதான் நானும் இருந்தேன். தங்கை லாரஸுக்கு மட்டும் அது உயிர். முன்னால் தட்டையான இடம் இருக்கிறதல்லவா, அங்கே நின்றுகொண்டு காற்று முகத்தில் அடிக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே பள்ளிக்கு வருவாள். ஊரில் எல்லாரும் பிள்ளைகளை அப்படித்தான் நிற்க வைக்கிறார்கள், நானும் வைத்தேன். பழைய வண்டியிலும் முன்னால் தொற்றிக்கொண்டு வந்தவள்தானே. அப்போதெல்லாம் திரும்பும் வழியில் மார்சிதாவின் பலகாரக் கடையில் நிறுத்தினால் நான் இறங்க மாட்டேன், நியூட்ரலில் போட்டுவிட்டு இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு தெம்பே பஜ்ஜி வாங்குவேன், பொட்டலம் வரும்வரை லாரஸ் ஆக்ஸிலரேட்டரை முறுக்கி முறுக்கிச் சத்தம் எழுப்புவாள். "குட்டி டிரைவர் வந்தாச்சு, எண்ணெய காய வைங்கடி" என்பாள் மார்சிதா. நானும் கூடச் சிரிப்பேன். நியூட்ரலில் நிற்கிற வண்டியில் எவ்வளவு முறுக்கினாலும் சத்தத்தைத் தவிர என்ன வரும்.

மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, மழை விட்டிருந்தது. அதே கடை, அதே மாதிரி நிறுத்தினேன், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மார்சிதா நீட்டிய பொட்டலத்தை வாங்கக் கைப்பிடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்தேன். இந்த வண்டிக்கு நியூட்ரல் கிடையாது என்று எனக்குத் தெரியும் நிங், விற்றவன் சொன்னான், புத்தகத்திலும் படித்தேன், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். தெரிந்ததெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போயிற்றோ. லாரஸ் முறுக்கினாள். வண்டி என் காலுக்கு நடுவிலிருந்து பாய்ந்து போயிற்று, நான் பின்னால் விழுந்தேன், அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அது சாக்கடையைத் தாண்டி அடுப்பின் மேல் மோதியது. வாணலி மறுபக்கம் கவிழ்ந்தது. இந்தப் பக்கம் கவிழ்ந்திருந்தால், அங்கே அவள் முகம் இருந்தது. மார்சிதா கடுகளவும் யோசிக்காமல் பாய்ந்து அவளைத் தூக்கினாள். லாரஸுக்கு இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போட்டிருக்கிறார்கள், விரல்களை நன்றாக அசைக்கிறாள், பயப்படாதே, வருகிற வியாழன் பிரிக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் அழவேயில்லை. நான்தான் கேட்டேன், ஏன்டி முறுக்கினே என்று, அத்தனை பேர் முன்னால் கத்தியும் விட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "எப்பவும் போலதானம்மா முறுக்கினேன்" என்றாள். அவளுக்கு அதைப் பழக்கியது நான், சிரித்துச் சிரித்துப் பழக்கியது நான். வண்டியைப் பார்த்துத்தான் அருவருப்பு என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், அதில் பாதி என் மேலேயே என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, வண்டியைக் கிழங்குக் கொட்டகையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். உனக்குச் சொல்ல வேண்டாம், பிள்ளை மனசு வருத்தப்படும் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

அப்படியே விட்டிருப்பேன். நேற்று மதியம் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த உன் படம் கழன்று விழுந்தது. எனக்கு அனுப்பியதைப் போலவே கியர் இல்லாத உன் வண்டியில் நீ உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசுகிறாய், உன் வீட்டுக்கார அம்மா ருஸ்மினியின் மகள் ஹஃபீஸா முன்னால் நிற்கிறாள். இத்தனை நாள் நான் உன் சிரிப்பைத்தான் பார்த்திருக்கிறேன். நேற்றுத்தான் பார்த்தேன், முன் விளக்கு எரிகிறது, அப்படியென்றால் இஞ்சின் ஓடுகிறது, உன் இரண்டு கையும் உன் மடியில் இருக்கிறது, அந்தக் குழந்தையின் வலது கை ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது. உடனே குழந்தையை முன்னால் நிற்க வைக்காதே என்று செய்தி போட்டேன். "அம்மா, இலை அசைஞ்சாலும் உங்களுக்குப் பயம்" என்று பதில் போட்டாய். காரணத்தைச் சொல்லாமல் பயத்தை மட்டும் அனுப்பினால் நீ சிரிக்கத்தானே செய்வாய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீ என்னைத் தேற்றுவதிலேயே விஷயம் போய்விடும். அதனால்தான் காரணம் முழுவதையும் எழுதிவிட்டேன்.

வண்டி அனுப்பியதற்காக நீ உன்னை நொந்துகொள்ளாதே, அதை எனக்காகச் செய்துவிடு. பழைய வண்டியிலேயே போய் வருகிறேன். லாரஸ் பின்னால் உட்கார்ந்து என் வயிற்றைக் கட்டிக்கொள்கிறாள், கட்டுப் போட்ட கை என் விலாவில் இடிக்கிறது, பாட்டை மட்டும் இன்னும் தொடங்கவில்லை. மார்சிதாவுக்குப் புது வாணலி வாங்கிக் கொடுத்துவிட்டோம், அவள் கடையைக் கடக்கும்போது மட்டும் நான் தலை நிமிர்வதில்லை.

அல்லாஹ் உன்னையும் உன்னை நம்பி ஏறுகிற எல்லாரையும் காக்கட்டும், உடம்பும் மனசும் குறையில்லாமல் நோன்புப் பெருநாளுக்கு வீடு வந்து சேர். யார் கூப்பிட்டாலும் முதலில் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அப்புறம் பேசு. இப்போதும் இதை மடித்து வைப்பதற்கு முன்னால் வாசலுக்குப் போய், சாவி வண்டியிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா.

உன் அம்மா,
சுலாஸ்த்ரி