செவலை தேர்ந்தெடுத்த ரப்பர் மேட்

சனிக்கிழமை, இரவு

விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுவதற்கு, பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா மன்னிக்க வேண்டும். எழுதாமல் படுத்தால் சிரித்தே அவளை எழுப்பிவிடுவேன்.

அப்பாவின் பழைய பிக்கப் வண்டியில் பின்தொட்டித் தகடு தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. போன வாரம் சந்தைக்கு ஏற்றிய ஆடு ஒன்று வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது. அதனால் இன்று விரிப்பு வாங்க அவனியாபுரம் போனோம். மாட்டாஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்த எங்கள் ஆடு செவலையும் வண்டியில் இருந்தது.

கடைக்காரர் பிளாஸ்டிக், ரப்பர் இரண்டையும் தரையில் விரித்துக் காட்டினார். அப்பாவுக்குப் பளபளக்கும் பிளாஸ்டிக்தான் பிடித்தது. கடைக்காரர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். அப்பாவின் காதில் மட்டும் சொன்னேன்.

“செவலைய நிக்கவச்சுப் பாப்பமாப்பா?”

அப்பா உடனே அதை இறக்கிவிட்டார்.

“வாங்குறது நீங்களா, ஆடாண்ணே?” என்று கடைக்காரர் சிரித்தார்.

பிளாஸ்டிக்கில் செவலையின் நான்கு கால்களும் நாலு பக்கம் போயின. ரப்பரில் அசையாமல் நின்றது. நின்றதோடு விடாமல் புழுக்கையும் போட்டது.

“அண்ணே, அட்வான்ஸ் குடுத்துருச்சு!”

“எல்லாம் எம்மக யோசனை மாப்ள. எங்க வீட்டு மொத டிகிரியாக்கும்!” என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வண்டியில் விரித்த புது ரப்பர் மேட்டில் செவலை விழாமல் வந்தது. நான் வழி முழுக்க அப்பா கியர் போடுவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கேட்க வாய் வரை வந்தது, அதற்குள் வீடு வந்துவிட்டது. காலையில் அவர் மேட்டைக் கழுவும்போது கேட்டுவிட வேண்டும்.

அப்பா, எனக்கும் வண்டி ஓட்டக் கத்துக்குடுங்கப்பா.