இருபத்திரண்டு ரிங்

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி வாசல் கூரைக்கான எட்டு பீமில் நான்குக்கு இன்று கான்கிரீட் போட்டாயிற்று என்று சாப்பிடும்போது இவர் சொன்னார். வரைந்தது நான், நின்று கட்டுவது இவர். என் முதலாளியும் இவருடைய கான்ட்ராக்டரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கம்பிக்காரர் உன்னைத் திட்டாத திட்டில்ல" — இதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

பீமின் ஒரு முனையைத்தான் சுவர் பிடித்திருக்கிறது, மற்றதெல்லாம் அந்தரத்தில். சுவர் பக்கம் முக்கால் மீட்டர் ஆழம், நுனியில் முப்பது சென்டிமீட்டர், அடிப்பக்கம் சரிவு. அதனால் உள்ளே மேல்கம்பியையும் அடிக்கம்பியையும் சேர்த்து வளைத்துப் பிடிக்கிற இருபத்திரண்டு ரிங்குக்கும் இருபத்திரண்டு உயரம். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று இவர் இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவேயில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஐந்தாவது பீமைப் பார்க்கப் போனேன். ஒரு பக்கத்துப் பலகை இன்னும் அடிக்கவில்லை. மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் லட்சணம்தான், ரிங் ஒவ்வொன்றும் மேல்கம்பியில் ஒழுங்காகத் தொங்குகிறது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். பாதி ரிங் அடிக்கம்பிவரை வரவேயில்லை. சில இடத்தில் ஐந்து அங்குலம் குறை.

"மூணே அளவுதான் குடுத்தாங்க மேடம்," என்றார் கம்பிக்காரர். "எட்டாத எடத்துல கட்டுக்கம்பி போட்டு இழுத்துட்டோம். ஏற்கெனவே போட்ட நாலும் இப்படித்தான்."

பீம் சாய்வாக விரிசல் விட்டுப் பிளக்காமல் பிடித்து வைப்பதே அந்த ரிங்தான். அந்த வேலையை நூல் கனத்துக் கட்டுக்கம்பி பார்த்துக்கொள்ளுமாம். கீழே நிற்கப்போவது நோயாளிகள்.

மார்ச் 12

இவரிடம் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து, நான் கொடுத்த ரிங் அட்டவணைப் பேப்பரை எடுத்து மேஜையில் போட்டார். என் கையெழுத்து. ரிங்கை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய அளவை மட்டும் எழுதியிருக்கிறேன். அடியில் ஒரு வரி: 'இடையில் சரிவுக்கேற்பக் கூட்டிக்கொள்க.'

"எவ்வளவு கூட்டணும்னு இதுல எங்க இருக்கு? இருபத்திரண்டு வரி எழுத உனக்குக் கை வலிச்சுதா?"

"புரியலன்னா கேட்டிருக்கலாமே. மேல நின்னு டேப் புடிச்சா போதுமா?"

அத்தை டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அன்று சோம்பல்தான். யாராவது கூட்டிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 14

"மேலிடத்துக்கு எழுதாம இருக்க முடியாதா?" — இவர். முடியாது.

மார்ச் 19

ஆஸ்பத்திரிக்குக் கடிதம்: நான்கு பீமையும் இடிக்க வேண்டும். என் அட்டவணையைப் பற்றியும் ஒரு பத்தி வைத்திருந்தேன். முதலாளி அதைக் குறுக்கே அடித்தார். "அங்க சரியாப் பாக்கல, அவ்வளவுதான். நம்ம கதைய எதுக்கும்மா இதுல இழுக்கற?"

திருத்தி அடித்துக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். ஏன் போட்டேன்? பயம். வேறென்ன.

மார்ச் 20

இவரைக் கட்டட வேலையிலிருந்து எடுத்து சிமென்ட் கிடங்கில் போட்டுவிட்டார்கள். பதினெட்டு வருட சர்வீஸ், இனி மூட்டை எண்ண வேண்டும். கடிதத்தையும் காட்டியிருக்கிறார்கள்.

"உன் பேப்பரைப் பத்தி ஒரு வரி இல்லையே," என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வீட்டில் படுத்துக் கிடக்கிறது.

ஏப்ரல் 7

இடிக்கிறார்கள். ஆபீஸ்வரை சத்தம். முதலாளி ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

மே 16

புது அட்டவணையில் இருபத்திரண்டு வரி. எட்டு பீம், நூற்று எழுபத்தாறு ரிங். ஒவ்வொன்றிலும் கையை விட்டு அடிக்கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். முழங்கைவரை சிராய்ப்பு.

"அவன் நின்ன எடத்துல இப்ப நீ போய் நிக்கறியாக்கும்," என்றார் அத்தை. சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே மருந்து ட்யூபை நீட்டினார்.

ஜூலை 22

அத்தைக்கு முழங்கால் வலி. மூவரும் ஆஸ்பத்திரி போனோம். முடித்துவிட்டு வண்டிக்காக வாசலில் காத்திருந்தோம். நானும் அத்தையும் கூரைக்குக் கீழே. இவர் நாலடி தள்ளி, வெயிலில்.

"வெயில்ல ஏன்டா நிக்கற? இது விழுந்துடுமா?"

"விழாதும்மா, நீ நில்லு. ஒரு ரிங் விடாம கையை விட்டுப் பாத்திருக்காங்க."

'பாத்திருக்காங்க'. யாரோ மூன்றாம் மனுஷியைச் சொல்வது போல. கடைசிவரை கூரைக்குக் கீழே வரவில்லை.

ஜூலை 24

ஆஸ்பத்திரிக்கும் கான்ட்ராக்டருக்கும் இன்னொரு கடிதம் அனுப்பினேன். முதலாளி அன்று அடித்துவிட்ட பத்தியை அப்படியே எழுதி, பழைய அட்டவணையின் நகலையும் வைத்தேன். முதலாளிக்கும் ஒரு நகல். நாளை என்ன சொல்வார் என்று தெரியும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப எதுக்கு?"

நூற்று இருபத்தாறு நாள் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.