குறைந்த எண்பது லட்சம்

மில்வாக்கி,
பிப்ரவரி 19.

அன்புள்ள ரோலண்டுக்கு,

யோலாண்டா எழுதுகிறேன். நானும் நியாவும் சுகம். ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. பத்து நாளாக எடுக்காமல் கிடந்ததில் உன் காரின் பாட்டரி படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கிளப்பிக் கொடுத்தார். சாக்ரமெண்டோவில் வெயில் அடிக்கிறது என்றாய். முழங்காலுக்கு நல்லதுதான்.

நேற்று போனில், "நீயே சொல்லு யோலி, நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாய். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபமில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. நீ துருக்கியில் கூடைப்பந்து ஆடிய காலத்தில் எழுதியதைப் போல எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உன்னை சாக்ரமெண்டோ அணிக்கு மாற்றிவிட்ட அன்று நியாவுக்குப் பனி விடுமுறை. நீ அவளுக்கு ரொட்டியில் சீஸ் வைத்து வாட்டிக்கொண்டிருந்தாய். போன் வந்தது. "சரி... சரி சார்" என்றாய், அவ்வளவுதான். ரொட்டியின் மறுபக்கமும் சிவந்த பிறகு அடுப்பை அணைத்து, தட்டில் வைத்து அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாய். மறுநாள் காலை இரண்டு பெட்டியோடு போய்விட்டாய். ஆறு வருஷம் ஆடிய ஊரை விட்டு.

"அப்பா சரியா ஆடலையா? அதான் குடுத்துட்டாங்களா?" என்று நியா கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் தெரியவில்லை. உன் அலமாரியைக் காலி செய்ய அரங்கத்துக்குப் போனபோது, சம்பள விதிகளைக் கவனிக்கும் கிளிஃபோர்டைப் பார்த்தேன். பெட்டியை அவரே கார் வரை தூக்கிக்கொண்டு வந்தார். நியாவின் கேள்வியை அவரிடம் கேட்டேன்.

"ரோலண்ட் ஆட்டத்தப் பத்தி அந்த ரூம்ல யாரும் பேசவே இல்ல, யோலாண்டா. அது பேச்சே இல்ல" என்றார். பதிலுக்கு இங்கே வருகிற நட்சத்திர ஆட்டக்காரனின் சம்பளம் இரண்டு கோடியே தொண்ணூறு லட்சம் டாலராம். நம் அணி சம்பள வரம்பைத் தாண்டி நிற்கிறது. அதனால் உள்ளே வருகிற சம்பளம் வெளியே போகிற சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக இருக்கக் கூடாதாம். இங்கிருந்து உன்னோடு போகும் அந்த உயரப் பையனுக்கு இரண்டு கோடியே பத்து லட்சம். மீதி எண்பது லட்சம் வேண்டும். அந்தச் சம்பளம் வாங்குகிற ஆள் நீ ஒருவன்தான்.

ரோலண்ட், அந்த எண்பதைக் கேட்டது யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஒப்பந்தம் போட்டபோது அவர்கள் ஐம்பது லட்சம்தான் தருகிறோம் என்றார்கள். நீ சரி என்றுவிட்டாய். நான்தான் உன் ஏஜெண்ட் ஹெர்ஷலிடம், "என் புருஷனோட ரெண்டு முட்டியும் இந்த ஊர்லதான் தேஞ்சிருக்கு. எண்பதுக்கு ஒரு காசு குறைஞ்சா கையெழுத்து கிடையாதுன்னு சொல்லுங்க" என்றேன். ஒரே நாளில் ஒத்துக்கொண்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போய், "உன்னை விட்டா லீக்கையே வித்துடுவ" என்று நீ சிரித்தாய்.

அவ்வளவு சுலபமாக எப்படிக் கொடுத்தீர்கள் என்று கிளிஃபோர்டிடம் கேட்டேன். அவர் காரின் டிக்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த மாதிரி ஒரு நாள் வந்தா உபயோகப்படும்னுதான். ரெண்டாவது வருஷச் சம்பளத்துக்கு உறுதி போடாததும் அதுக்குத்தான், வாங்கற அணி சுலபமா விட்டுடலாம்." பிறகு மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர். பொய் சொல்லியிருக்கலாம்.

ஐம்பதுக்கு நீ தலையாட்டியபோதே நான் சும்மா இருந்திருந்தால் இன்று இந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் நீ உட்கார்ந்திருப்பாய். இதை உன்னிடம் சொல்லப் பத்து நாளாகத் தைரியம் வரவில்லை.

போன வாரம் அங்கே உன்னை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப் போகிறார்கள் என்றதும் நியா பள்ளிக்கூடம் முழுக்க, "எங்கப்பா திரும்பி வரார்" என்று சொல்லிவிட்டாள். நானும் நம்பினேன். ஹெர்ஷலைக் கூப்பிட்டு, "அவங்க விட்டதும் நம்ம அணியே திரும்ப எடுத்துக்கும்ல?" என்று கேட்டேன். "முடியாதும்மா. அனுப்பின அணி ஒரு வருஷத்துக்கு அவரைத் திரும்ப எடுக்கக் கூடாது. முன்னாடி சில பேர் ஒரு கையால குடுத்து மறு கையால வாங்கிக்கிட்டாங்க. அதுக்காகப் போட்ட விதி" என்றார். யாரோ செய்த தந்திரத்துக்கு நம் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. நியாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்போது நீ, "போதும், ஆட்டத்தை விட்டுட்டு வீட்டுக்கே வந்துடறேன்" என்கிறாய். வா என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். படுக்கையில் உன் பக்கத்துத் தலையணையை நான் நகர்த்தவில்லை. கடையில் இரண்டு பேருக்கு வாங்கத் தெரியாமல் மூன்று பேருக்கு வாங்கி வருகிறேன். நேற்று உன் பழைய பயிற்சிச் சட்டையைத் துவைக்க எடுத்து, துவைக்காமலே திரும்ப வைத்துவிட்டேன்.

ஆனாலும் கேள். சான் அன்டோனியோவிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாயே, அதைப் பற்றி ஹெர்ஷலிடம் விசாரித்தேன். அங்கே கொடுப்பது லீக்கிலேயே குறைந்த சம்பளமாம். அதனால் உனக்குத் தயக்கம். எனக்கு அதுதான் பிடித்தது. அந்தத் தொகையை வைத்து யாரும் எந்தக் கணக்கையும் சரிக்கட்ட முடியாது. அவர்களுடைய பயிற்சியாளர் ஹெர்ஷலிடம், "பந்து கையில இல்லாதப்போ அந்த ஆளு எங்க நிக்கிறார்னு நாலு வருஷமா பாக்கறேன். என் பசங்களுக்கு அது தெரியல. அவரை அனுப்பு" என்றாராம். உன்னை உன் ஆட்டத்துக்காகக் கேட்கிறார்கள், ரோலண்ட். பதினான்கு வருஷம் ஆடியவன் ஒரு மாற்றத்தின் மீதித் தொகையாக முடிந்துபோக வேண்டாம். இப்போது வந்தால் நீ என்னிடம் முகம் கோணமாட்டாய், தெரியும். நான்தான் உன் முகத்தை நேராகப் பார்க்கமாட்டேன்.

போ. கையெழுத்துப் போடு. போன தடவை நான் சொன்னதைக் கேட்டு நாம் பிரிந்தோம். இந்தத் தடவையும் நானே சொல்கிறேன்.

மார்ச் 22 அன்று சான் அன்டோனியோ அணி இங்கே ஆட வருகிறது. டிக்கெட் வாங்கிவிட்டேன், எதிரணி உட்காரும் பக்கத்தில். முந்தின நாளே ஊருக்கு வந்துவிடுவீர்களாம். ஓட்டலில் தங்காமல் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்று பயிற்சியாளரைக் கேள். புதிதாக வந்தவன் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதே. நானே கூச்சத்தை விட்டு எழுதிவிட்டேன்.

கடவுள் உன் முழங்கால்களைக் காக்கட்டும்.

உன்,
யோலி