காதறுந்தவளின் குட்டி

பிப். 10

காவிரிப் பக்கம் லேசான பனி. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. அப்பாவைக் குளிப்பாட்டியாயிற்று. பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை அசையவில்லை, பேச்சும் இல்லை. பிசியோதெரபிக்கு வந்தவர் காலை மடக்கும்போது மட்டும் ஒரு முனகல்.

வாங்க: பி.பி. மாத்திரை, கேழ்வரகு மாவு, பெரிய துண்டு.

ஜான்சி போனில் பேசினாள். மலையில் என்னோடு வேலை பார்ப்பவள். நான் ஸ்ரீரங்கம் வந்த பிறகு தேசியப் பூங்கா முகாமில் அவள் மட்டும். "அக்கா, நம்ம காதறுந்தவ குட்டி போட்டிருக்கா!" ஆறு வருஷமாக ஆராய்ச்சிக்காக நான் பின்தொடரும் வரையாடு. சிறுத்தையிடம் காதைக் கொடுத்துத் தப்பியவள். போன வருஷக் குட்டி தங்கவில்லை. ஸ்பீக்கரில்தான் பேசினேன், அப்பாவைத் துடைத்துக்கொண்டே.

பிப். 13

மேற்குச் சரிவில் தீ. யார் வைத்தார்களோ. "புல்லு, மழை பெஞ்சா வந்துடும்க்கா. சோலை ஓரம்தான்..." ஜான்சி முடிக்கவில்லை. காட்டு நாவல் கன்றுகள் எல்லாம் அங்கே. நான்கு வருஷத்தில் ஒரு ஜாண் வளர்ந்தவை. போயிற்று.

மஸ்கட்டில் இருக்கும் அண்ணனிடம் போனில்: ஒரு வாரம் வர முடியுமா, நான் மலைக்குப் போய்வர வேண்டும். "ஆட்டைப் பாக்கவா அப்பாவ விட்டுட்டுப் போற? லீவு கிடைக்காதும்மா." கோபமில்லாமல்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

கீழ்வீட்டு மாமி லிப்டில்: "மலைலதானே தீ? உனக்கென்ன முகம் இப்படி?"

பிப். 15

தீ அணைந்துவிட்டது. காதறுந்தவள் செத்துவிட்டாள். புகையில் பாறையிலிருந்து வழுக்கியிருக்கிறாள். குட்டி பக்கத்தில் நின்று மடியை முட்டுகிறதாம்.

"எடுத்துட்டு வந்து பால் குடுக்கவாக்கா? ரேஞ்சர் உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு."

மனிதர் வளர்த்தால் மந்தைக்குத் திரும்பாது. கூண்டில்தான் காலம் தள்ளும். காட்டில் நடப்பதைக் காட்டிடமே விட வேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.

"எடுக்காத ஜான்சி."

"இங்க நின்னு பாத்தா இப்படிச் சொல்லுவீங்களாக்கா?"

 மதியம் அப்பாவுக்கு ஊட்டும்போது ஸ்பூன் தவறியது. அவர் சட்டையெல்லாம் கஞ்சி. அவர் பார்வை போன் மேலேயே இருந்தது. 

பிப். 16

வெயில். தண்ணீர் லாரி வரவில்லை.

காலையில் குட்டி அங்கே இல்லையாம். "சிறுத்தைத் தடம் இருக்குக்கா."  

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா என்னையே பார்க்கிறார். வாய் கோணி, எச்சில் வழிய, "குட்டி?" குழறல்தான். ஆனாலும் அதுதான். கட்டிலில் விழுந்த பிறகு முதல் வார்த்தை.

"குட்டி... இருக்கா?"

"இருக்குப்பா. வேற ஆடு சேத்துக்கிச்சு."

தலையை ஆட்டினார். கஞ்சி முழுவதும் குடித்தார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். காற்றுதான் வந்தது.

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன், அப்பா பேசிவிட்டார், "குட்டி இருக்கா" என்றார் என்று. அந்தப் பக்கம் அழுகை. "பாப்பாவத்தான் கேட்டிருக்காரு. அவர் அவள குட்டின்னுதானே கூப்பிடுவாரு." பிறகு மகளிடம், "தாத்தா உன்னைக் கேட்டாருடா, உன்னைத்தான் முதல்ல கேட்டிருக்காரு." மறுபடி என்னிடம், "அப்படித்தானேம்மா?"

"ஆமாண்ணா" என்றேன்.